மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்

ஒன்றரை ஷிப்ட் முடிந்து
அனுப்பர்பாளையத்தில் இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங்.
ட்யூப்லைட்டுக்கு அடியில் துணியை விரித்து
இடது கையை உள்ளே விட்டுத் திருப்பி
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம்
எங்கே என்று விரல் தேடும்.
கண்டால் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
அம்பு ஒட்டியது ஆல்ட்டருக்கோ ரிஜெக்டுக்கோ போகும்.
அதைச் சொல்வது சூப்பர்வைசர். நானில்லை.

சென்னியப்பன் சொன்னது இது:
"சூது இல்லடி. எக்ஸ்சேஞ்சு.
ஈரோட்டு மஞ்ச மண்டியாட்ட.
ஏறும்ங்கறவன் ஒருத்தன், எறங்கும்ங்கறவன் ஒருத்தன்,
நடுவுல கம்பெனிக்காரனுக்குக் கமிஷன்.
எல்லாம் சட்டப்படிதான். வெசனப்படாத."

வெசனப்படாமல் இருந்தேன்
ஏலச்சீட்டு எடுத்த பணம் போகும் வரைக்கும்.
தோடு அடகுக்குப் போய்
அங்கிருந்தும் போகும் வரைக்கும்.

அவன் நிட்டிங் ஓட்டுகிறவன்,
சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது.
ஃபேனை அஞ்சில் வைத்தேன்.
குறட்டை வந்ததும்
அவன் கட்டைவிரலைத் தூக்கி
அவன் போனிலேயே வைத்தேன்.

உங்கள் மாநிலத்தில் உண்டா என்று பார்க்க ஒரு பொத்தான்.
தொட்டால் பட்டியல் இறங்குகிறது, முழுக்க இங்கிலீஷ்.
என் இங்கிலீஷ்
காலர் லேபிள் அகலம்தான்.
எஸ், எம், எல், எக்ஸ்எல்,
நூறு சதம் காட்டன்,
வெந்நீரில் போடாதே.
டீயில் தொடங்கும் ஊருக்கு வர
விரல் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

நம்முடையது
மூணு சலவை கண்ட சாயம் மாதிரி
வெளிறிக் கிடந்தது.
கூட இன்னும் சிலது.
அமுக்கினேன். அசையவில்லை.
அடியில் பொடி எழுத்து.
துணியில் அந்த அளவு ஓட்டையை
நான் இதுவரை விட்டதில்லை.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
அங்கே வசிப்பவர்களுக்கு இது கிடையாது.

அப்படியென்றால் இவன்?

இவன் கணக்கைத் திறந்தால்
இவன் இங்கே வசிக்கவே இல்லை.
வாளையாறு தாண்டாதவன்,
ஊட்டிக்குப் போனாலே சளியோடு திரும்புகிறவன்,
பனி பெய்கிற ஏதோ மலைநாட்டில்
ஏழு மாதமாகக் குடியிருக்கிறான்.
பின்கோடு முதற்கொண்டு இருக்கிறது.
லைன் வீட்டில் மூன்றாவது கதவு, லாக்பாவின் முகவரி.
ஆயிரத்துக்கு வாங்கினானோ
ஒரு டீக்கு வாங்கினானோ.
லாக்பா இங்கே அயர்ன் டேபிளில் வேகிறான்.
இவன் அங்கே குளிர் காய்கிறான்.

எக்ஸ்சேஞ்சு என்றால் எதிரே ஒருத்தர் வேண்டுமே.
இவன் ஏறும் என்றபோது
இறங்கும் என்று பணம் வைத்தது யார்?
எழுத்து வெளிறாத ஏதோ ஊரில்
என் தோடு ஒரு பெண் காதில் ஆடுகிறதா?
இல்லை, அவளும் இந்நேரம்
தூங்குகிற ஒரு கட்டைவிரலைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாளா?

மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது ஒரு சிவப்பு அம்பு.
எப்போதும் ஒன்றிரண்டு வரும்,
பாப்பா நெற்றியில் வைத்துக்கொள்வாள்.
போன் மேல் ஒட்டப் போனேன்.
போனில் பழுதொன்றும் தெரியவில்லை.
அவன் பனியனில் ஒட்டினேன்,
கழுத்தோரம்,
முனை மேலே பார்க்க.

காலையில் பல் துலக்கிக்கொண்டே கேட்டான்:
"இதென்ன, ஆல்ட்டரா ரிஜெக்டா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"நீ எந்த ஸ்டேட்டுல இருந்து கேக்கற?" என்றேன்.

வாயில் நுரையோடு நின்றான்.
பாப்பாவுக்குத் தயிர்சாதம் கட்டிவிட்டு
செருப்பைத் தேடினேன்.
எட்டு மணி பஸ்ஸை விட்டால்
அரை நாள் சம்பளம் போய்விடும்.